கிழக்காசியவியல் முனைவர்பட்ட விண்ணப்பத்தில் ஆய்வு முன்மொழிவு: மொழியறிவும் ஆய்வு வினாவும்

ஆய்வுச்சுருக்கம்

சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் இலக்கியம், வரலாறு, சமயம், சமூகம் ஆகியவற்றை ஆராயும் துறை கிழக்காசியவியல். இத்துறையில் முனைவர்பட்டத்திற்கு விண்ணப்பிப்போர் எழுதும் ஆய்வு முன்மொழிவை ஒரு பனுவல் வகையாகக் கொண்டு இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. முன்மொழிவில் காணப்படும் குறைகள் பெரும்பாலும் கோட்பாட்டுக் குறைகளாகவே பேசப்படுகின்றன. அவற்றின் வேர் மொழியறிவில் இருப்பதையும், மொழிப் போதாமை ஆய்வு வினாவையே திரித்துவிடுவதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது. சங்க இலக்கியத்தையும் சீனத்தின் கவித்தொகையையும் ஒப்பிடும் முன்மொழிவு முதன்மை எடுத்துக்காட்டாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: கிழக்காசியவியல், ஆய்வு முன்மொழிவு, செவ்வியல் சீனம், கவித்தொகை, ஒப்பாய்வு, மூல ஆதாரம்

முன்னுரை

ஆய்வுப்பட்டத்திற்கான விண்ணப்பம் பல தாள்களின் தொகுப்பு. மதிப்பெண் சான்று, மொழித்தேர்வுச் சான்று, பரிந்துரைக் கடிதங்கள், மாதிரிக் கட்டுரை ஆகியவை விண்ணப்பதாரர் இதுவரை செய்தவற்றைக் கூறுவன. இனிச் செய்யவிருப்பதைக் கூறுவது ஆய்வு முன்மொழிவு. எதிர்காலத்தில் நின்று எழுதப்படும் விந்தையான பனுவல் வகை அது. இன்னும் முழுமையாகப் படிக்காத நூல்களைப் பற்றியும், இன்னும் காணாத ஆவணங்களைப் பற்றியும், கிடைக்குமா என்று தெரியாத முடிவுகளைப் பற்றியும் உறுதியான குரலில் பேச வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. எல்லாத் துறைகளிலும் உள்ள இவ்விடர்ப்பாட்டோடு கிழக்காசியவியலில் மற்றொன்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கு ஒவ்வோர் ஆய்வு வினாவும் 'இன்ன மொழியில், இன்ன காலத்து எழுத்தை என்னால் படிக்க இயலும்' என்னும் உரிமைகோரலைத் தன்னுள் அடக்கியுள்ளது. விண்ணப்பதாரர் அதை வெளிப்படையாக எழுதாவிடினும் மதிப்பிடுவோர் அதைப் படித்துவிடுவர்.

தமிழாய்வாளருக்கு இதை விளக்குவது கடினமன்று. சங்க இலக்கியத்தில் முனைவர்பட்டம் செய்ய விரும்பும் அயல்நாட்டவர் ஒருவர், ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டுமே முதன்மை ஆதாரமாகக் காட்டினால் அவரது முன்மொழிவைத் தமிழ்த்துறைகள் எவ்வாறு எதிர்கொள்ளும்? மொழிபெயர்ப்பின் சிறப்பை ஒப்புக்கொண்டே, குறுந்தொகையைத் தமிழில் படித்துவிட்டு வருமாறு அவரைத் திருப்பி அனுப்பும். ஆனால் அதே துறைகளில் பயின்ற மாணவர் சீன இலக்கியத்தை ஆங்கிலவழி ஆராய விரும்பும்போது இந்தத் தயக்கம் எழுவதில்லை. இம்முரண் ஆராயத்தக்கது.

துறையின் தோற்றமும் அதன் கேள்விகளும்

இத்துறைக்குப் பெயர் நிலைபெறவே நெடுங்காலமாயிற்று. ஐரோப்பாவிலிருந்து பார்ப்பவரின் தொலைவைக் குறிக்கும் 'தூரக்கிழக்கு' என்ற சொல் நீண்டகாலம் வழங்கியது. அமெரிக்காவில் 1941-இல் தொடங்கிய 'தூரக்கிழக்குக் காலாண்டிதழ்' 1956-இல் 'ஆசியவியல் ஆய்விதழ்' என்று பெயர் மாறியது. பெயர் மாறிய இரண்டாண்டுகளில், சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் எழுப்பிய அச்சத்தின் விளைவாக, 1958-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு சீனம், ஜப்பானியம் முதலிய மொழிகளைக் கற்பிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பணம் வழங்கியது. மொழி கற்பித்தல் நாட்டுப் பாதுகாப்பின் பகுதியாயிற்று.

இந்தியாவின் கதை வேறு. 1937-இல் சாந்திநிகேதனில் தான் யுன்-ஷானின் முயற்சியால் எழுந்த சீன பவனம் பௌத்த நூல்களையும் இரு நாகரிகங்களின் பழைய உறவையும் முதன்மையாகக் கொண்டது. அங்கு சீனம் கற்பது ஏடு படிப்பதற்காகவே. 1962 எல்லைப்போருக்குப் பின் தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1964-இல் சீன ஆய்வு மையம் அமைந்தபோது தற்காலச் சீனத்தின் அரசியலும் வெளியுறவும் முன்னுக்கு வந்தன. இவ்விரு ஊற்றுகளும் இன்றுவரை ஒன்றாகக் கலக்கவில்லை. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீனம், ஜப்பானியம், கொரிய மொழிகள் மொழிப்புலத்தில் கற்பிக்கப்படுகின்றன. கிழக்காசிய ஆய்வு மையமோ பன்னாட்டு உறவுகள் புலத்தில் இயங்குகிறது. மொழி ஒரு கட்டடத்திலும் வினா மற்றொரு கட்டடத்திலும் இருக்கும் இவ்வமைப்பு, விண்ணப்பதாரரின் மனத்திலும் அதே பிரிவினையைப் பதிக்கிறது. வெளியுறவுக் கொள்கையைத் தேர்ந்தால் ஆங்கிலமே போதும் என்ற எண்ணம் அவ்வாறு உருவாவதே. அத்தகைய தலைப்புகளைப் பற்றி இங்கு விரிவாகச் சொல்வதற்கில்லை. பெய்ஜிங் வெளியிடும் ஆங்கில அறிக்கைகளையும் தில்லி வெளியிடும் ஆங்கில அறிக்கைகளையும் அருகருகே வைக்கும் ஆய்வு இதழியலாக அமையலாம். சீனாவுக்குள் சீனமொழியில் நடக்கும் விவாதத்தை அது தொடாது.

மொழி கற்கும் காலம்

விண்ணப்பதாரர் பலரும் கவனியாத உண்மை ஒன்றுண்டு. முனைவர்பட்ட முறைகளுக்கிடையே உள்ள பெரிய வேறுபாடு, மொழி கற்பதற்கான காலத்தை எங்கே வைக்கின்றன என்பதே. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டுகள் பாடநெறிக்கும் தகுதித்தேர்வுக்கும் உரியவை. செவ்வியல் சீனமும் இரண்டாம் ஆய்வுமொழியும் அக்காலத்தில் வளர இடமுண்டு. எனவே அங்கு கேட்கப்படும் நோக்க அறிக்கை ஓரளவு திறந்த வினாவை ஏற்கும். பிரித்தானிய முறையில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் ஆய்வேடு முடிய வேண்டும். முன்மொழிவு தொடக்கத்திலேயே முழுமையாகக் கேட்கப்படுகிறது. மொழியை முன்னரே கற்றிருத்தல் அங்கு பேசாமல் பேசப்படும் நிபந்தனை. ஜப்பானில் முனைவர்பட்டத்திற்கு முன் 'கென்க்யூசே' எனப்படும் பட்டம் சாராத ஆய்வு மாணவர் நிலை உண்டு. ஜப்பானியக் கல்வியமைச்சின் உதவித்தொகை பெறுவோருக்குத் தேவைப்படின் ஆறு மாத ஆயத்த மொழிப்பயிற்சியும் தரப்படுகிறது. ஆறு மாதத்தில் அன்றாட ஜப்பானியம் வரும். மெய்ஜி காலத்து நாளிதழ் வராது.

ஒரே முன்மொழிவை மூன்று நாடுகளுக்கும் படியெடுத்து அனுப்பும் வழக்கம் இதனால்தான் பயனற்றுப்போகிறது. அமெரிக்கக் குழுவுக்கு 'மஞ்சு மொழியை இரண்டாம் ஆண்டில் கற்பேன்' என்பது நேர்மையான திட்டம். பிரித்தானியக் குழுவுக்கு அதே வாக்கியம், ஆய்வு உரிய காலத்தில் முடியாது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம்.

தமிழ்நாட்டு மாணவரின் நிலையையும் இங்கு கருதவேண்டும். சென்னையில் ஜப்பானிய மொழித்திறன் தேர்வு நடைபெறுகிறது. இந்திய–கொரியப் பண்பாட்டு, தகவல் மையம் கொரிய மொழி கற்பிக்கிறது. இவ்வகுப்புகளின் வளர்ச்சிக்குப் பின்னால் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளும் தகவல்தொழில்நுட்ப நிறுவனங்களும் உள்ளன. வேலைக்காக வடிவமைந்த பயிற்சி அது. அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் பேச்சுப் பகுதியோ கட்டுரை எழுதும் பகுதியோ கிடையாது. பழைய இலக்கண ஜப்பானியமும் கையெழுத்துப் படிகளும் அதன் எல்லைக்கு வெளியே நிற்பவை. அத்தேர்வின் உயர்நிலைச் சான்றை இணைத்துவிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டு எதோ நகர வணிகர்களின் கணக்கேடுகளை ஆராய்வதாக எழுதுவது, தமிழ் நாளிதழ் படிக்கத் தெரிந்தவர் வட்டெழுத்துக் கல்வெட்டுகளைப் பதிப்பிக்கப் புறப்படுவதை ஒக்கும். அக்கணக்கேடுகள் 'குசுஷிஜி' என்னும் தொடர்கையெழுத்தில் அமைந்தவை. அவற்றைப் படிக்கத் தனிப்பயிற்சி வேண்டும். அந்த எழுத்தைக் கண்டறிந்து அச்செழுத்தாக மாற்றும் 'மிவோ' என்னும் செயலி 2021-இல் வெளிவந்தது. அது எழுத்தைப் படித்துத் தரும். எந்த ஏட்டைப் பிரிக்க வேண்டும் என்பதைச் சொல்லாது.

ஒப்பீடு என்னும் புகலிடம்

தமிழிலக்கியப் பின்னணியிலிருந்து கிழக்காசியவியலுக்குச் செல்ல விரும்பும் மாணவர் இயல்பாக எடுக்கும் தலைப்பு ஒப்பாய்வு. அதிலும் சங்க அகப்பாடல்களையும் 'ஷிஜிங்' எனப்படும் கவித்தொகையையும் ஒப்பிடும் ஆவல் மிகுதி. 305 பாடல்களைக் கொண்ட கவித்தொகையிலிருந்து பயணி நேரடியாகச் சீனத்திலிருந்து தமிழாக்கிய 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' என்னும் நூல் வெளிவந்தபின், இந்த ஆவலுக்குத் தமிழிலேயே ஓர் அடித்தளம் கிடைத்துள்ளது. தலைப்பில் தவறில்லை. கேள்வி வேறிடத்தில் உள்ளது.

இவ்வகை முன்மொழிவின் பொது அமைப்பு பின்வருமாறு இருக்கும். இரு தொகைகளும் பழமையானவை, இரண்டிலும் காதலும் பிரிவும் பாடப்படுகின்றன, இரண்டிலும் இயற்கை மனித உணர்வுக்குப் பின்புலமாகிறது. ஆகவே திணைக்கோட்பாட்டின் ஒளியில் கவித்தொகையை ஆராயலாம். தமிழ்ப் பக்கத்தில் தொல்காப்பியம், இளம்பூரணர், நச்சினார்க்கினியர் எனச் சான்றுகள் அணிவகுக்கும். சீனப் பக்கத்தில் ஆர்தர் வேலியின் 1937-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு நிற்கும்.

இங்கு ஒரு பொறி உள்ளது. வேலி அந்நூலில் பாடல்களை அவற்றின் மரபு வரிசையில் தரவில்லை. காதல், திருமணம், போர்வீரர் எனப் பொருள்வாரியாகப் பிரித்து மாற்றி அடுக்கினார். மரபு வரிசை மீண்டது, அந்நூலை 1996-இல் ஜோசப் ஆலன் மறுபதிப்புச் செய்தபோதுதான். ஆகவே 1937-ஆம் ஆண்டுப் பதிப்பைப் படித்து, 'சீனப் பாடல்களும் திணை போன்ற பொருட்பாகுபாட்டைக் கொண்டுள்ளன' என்று ஒருவர் எழுதினால், அவர் காண்பது லண்டனில் இருந்த மொழிபெயர்ப்பாளரின் பாகுபாட்டை. கவித்தொகையின் பழைய அமைப்பு நாட்டுப்பாடல்கள், அவைப்பாடல்கள், வழிபாட்டுப்பாடல்கள் என்பதாகும். நாட்டுப்பாடல்களுக்குள் பகுப்பு அந்தந்தச் சிற்றரசின் பெயரால் அமைவது. நிலம் அங்கு உணர்வின் வகையைக் குறிக்கவில்லை. பாடல் எந்த அரசுக்குரியது என்பதையே குறித்தது.

அடுத்தது, இயற்கைப் படிமம். பாடலின் தொடக்கத்தில் வரும் பறவை, செடி, ஆறு முதலியவற்றைச் சீனப் பாட்டியல் 'ஷிங்' என்ற சொல்லால் குறிக்கும். இதை உள்ளுறையோடும் இறைச்சியோடும் இணைத்துப் பேசுவது கவர்ச்சியான வாய்ப்பு. ஆனால் கவித்தொகைப் பாடல்கள் எவையும் தம்மை ஷிங் என்று அறிவித்துக்கொள்வதில்லை. ஹான் காலத்து மாவ் உரைமரபே நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு அந்தக் குறிப்பை இட்டது. அதே மாவ் மரபின் முன்னுரைகள் காதல் பாடல்களை அரசியல் அறமாகப் படித்தன. முதற்பாடலில் ஆற்றுத்திட்டில் கூவும் பறவை அரசியின் நற்பண்புக்குக் குறியாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சூ சி இம்முன்னுரைகளின் அதிகாரத்தை மறுத்தார். ஜெங் நாட்டுப் பாடல்கள் பலவற்றை ஆணும் பெண்ணும் தம் வாயால் பாடிய, ஒழுக்கம் தவறிய காதல் பாடல்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். இருபதாம் நூற்றாண்டில், 1919-இல், பிரெஞ்சு அறிஞர் மார்செல் கிரானே அவற்றைப் பருவ விழாக்களின் பாடல்களாகக் கண்டார். இம்மூன்று வாசிப்புகளில் எதன் மீது நின்றுகொண்டு உள்ளுறையோடு ஒப்பிடுவது? மொழிபெயர்ப்பை மட்டும் படித்தவருக்கு இக்கேள்வியே தோன்றாது. மொழிபெயர்ப்பாளர் அவருக்காக ஒரு வாசிப்பை முன்னரே தேர்ந்துவிட்டார்.

இதையறிந்த மாணவரின் வினா வேறாக அமையும். சங்கப் பாடல்களின் கீழ் நிற்கும் கூற்றும் துறையும் பாடலோடு பிறந்தவை அல்ல என்பது தமிழாய்வில் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் செய்தி. தோழி கூற்றாக ஒரு குறிப்புக் காட்டும் பாடலைத் தலைவி கூற்றாகவும் உரையாசிரியர்கள் கொண்டதுண்டு. மாவ் மரபின் முன்னுரையும் சங்கப் பாடலின் துறைக்குறிப்பும் ஒரே பணியைச் செய்கின்றன. பேசுவோர் பெயரறியாத பாடலுக்கு அவை ஒரு சூழலை வழங்கி, எவ்வாறு படிக்கவேண்டும் என்று வாசகரைப் பிணிக்கின்றன. ஒன்றில் அச்சூழல் வரலாற்று அரசனும் அரசியும். மற்றொன்றில் பெயர் சுட்டப்படாத தலைவனும் தலைவியும். 'சுட்டி ஒருவர் பெயர் கொளாமை' என்னும் அகமரபை அறிந்த கண்ணுக்கு, மாவ் உரை ஒவ்வொரு பாடலுக்கும் பெயர் தேடி ஓடுவது உடனே உறுத்தும். அந்த உறுத்தல் ஒரு நல்ல ஆய்வு வினா. சீனப் பின்னணியில் மட்டும் வளர்ந்த ஆய்வாளருக்கு எளிதில் தோன்றாத வினாவும்கூட. இதற்கு 305 பாடல்களையும் கரைத்துக்குடிக்க வேண்டியதில்லை. ஜெங் நாட்டுப் பாடல்கள் இருபத்தொன்றையும் மாவ் உரை, சூ சி உரை ஆகியவற்றோடு செவ்வியல் சீனத்தில் படித்திருந்தால் முன்மொழிவு எழுதலாம். அவ்வளவு படிக்காமல் எழுதக்கூடாது.

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிப்பதற்கு முன், சமண மரபை அறிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களை நாடிச்சென்றதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். தமிழே தாய்மொழியாக இருந்தும், அந்நூலைக் காலங்காலமாகப் படித்துவந்த சமூகத்தின் வாசிப்பு அவருக்குத் தேவைப்பட்டது. கவித்தொகைக்கு அத்தகைய சமூகம் உரையாசிரியர்களின் நெடிய வரிசையில் வாழ்கிறது.

ஒலியொப்புமையின் ஈர்ப்பு

ஒப்பீட்டின் மற்றொரு வடிவம் ஜப்பானியத்தைச் சார்ந்தது. கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓனோ சுசுமு 1980களில் தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் உறவுண்டு என்ற கருத்தை முன்வைத்தார். யாழ்ப்பாணத்து அறிஞர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு ஒத்துழைத்தனர். ஓனோ பழைய ஜப்பானிய இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். ஆனால் வரலாற்று மொழியியலாளர்கள் ஜப்பானிலும் திராவிடவியலிலும் அக்கருத்தை ஏற்கவில்லை. ஒலிமாற்ற விதிகள் ஒழுங்காக நிறுவப்படாமை, மூலத் திராவிட வடிவத்தை விட்டுத் தமிழ்ச் சொற்களை நேரடியாக ஒப்பிட்டமை ஆகியன முதன்மைக் குறைகளாகச் சுட்டப்பட்டன. தமிழ்நாட்டுக் கருத்தரங்குகளில் இக்கருத்து நிறுவப்பட்ட உண்மைபோல இன்றும் பேசப்படுவதுண்டு. அதை அப்படியே முன்மொழிவில் எழுதும் மாணவர், தாம் விண்ணப்பிக்கும் துறையின் நாற்பதாண்டு விவாதத்தைப் படிக்கவில்லை என்பதை ஒரே வரியில் அறிவித்துவிடுகிறார். அவ்விவாதத்தையே அறிவுவரலாறாக ஆராய்வது வேறு. ஒரு ஜப்பானிய அறிஞருக்கு அக்காலத்தில் தெற்காசியத் தொன்மை ஏன் தேவைப்பட்டது, தமிழர்களுக்கு அது ஏன் இனித்தது என்ற வினாவுக்கு இரு மொழிச் சான்றுகளும் நிரம்பக் கிடைக்கும்.

கோட்பாடும் தரவும்

முன்மொழிவில் கோட்பாட்டுப் பகுதி பெரும்பாலும் எட்வர்ட் சைதின் 1978-ஆம் ஆண்டு நூலோடு தொடங்குகிறது. கீழ்த்திசைவாதம் குறித்த அந்நூலின் சான்றுகள் பிரித்தானிய, பிரெஞ்சு, அமெரிக்க எழுத்துகள் அரபு, இஸ்லாமிய உலகைச் சித்திரித்த விதத்தைப் பற்றியவை. காலனியத்தை அனுபவித்த இந்திய மாணவர் அதைக் கையில் எடுத்துக் கிழக்காசியாவுக்குள் நுழையும்போது 'மேற்கு ஆளும், கிழக்கு ஆளப்படும்' என்ற சட்டகம் வாசலிலேயே இடறுகிறது. 1895-இல் தைவானையும் 1910-இல் கொரியாவையும் பிடித்துக்கொண்டது ஜப்பான். 1932-இல் மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசை நிறுவியதும் அதுவே. அப்பேரரசுக்கென ஒரு கீழ்த்திசையியல் இருந்தது. ஷிரத்தோரி குராக்கிச்சி முதலியோர் வளர்த்த 'தோயோஷி' என்னும் கீழ்த்திசை வரலாற்றுத்துறை, சீனத்தையும் கொரியாவையும் ஜப்பானின் கடந்தகாலமாக வரைந்ததை ஸ்டீபன் தனாகா 1993-இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதன் விளைவு நேரடியாக மொழியில் தெரிகிறது. காலனியக் கொரியாவை ஆராய்பவருக்குக் கொரியம் மட்டும் போதாது. ஆட்சி ஆவணங்கள் ஜப்பானியத்தில் உள்ளன. அதற்கு முந்தைய ஜோசொன் காலத்தை ஆராய்பவருக்கு அரசவை வரலாற்றுக் குறிப்புகள் முதல் அறிஞர்களின் கடிதங்கள் வரை பெரும்பகுதி செவ்வியல் சீனத்தில், அதாவது கொரியர் 'ஹன்முன்' என்று வழங்கும் எழுத்துநடையில் கிடைக்கிறது. கொரியத் தொடர்களைக் கண்டு ஈர்க்கப்பட்டு மொழி கற்கத் தொடங்கி, அங்கிருந்து வரலாற்றுக்கு வரும் மாணவர் இன்று ஏராளம். அவ்வழி இழிவானதன்று. ஆனால் பதினேழாம் நூற்றாண்டுக்குச் செல்ல அவர் வேறொரு மொழியின் வழியாகச் செல்லவேண்டும் என்பதை யாரேனும் சொல்லியாகவேண்டும். சீனவியலாளரிடம் இரண்டாம் மொழியாக ஜப்பானியம் கேட்கப்படுவதற்கும் காரணம் உண்டு. தாங் அரசமரபுக்கும் சொங் அரசமரபுக்கும் இடையே சீனச் சமூகம் அடிப்படையில் மாறியது என்ற நைத்தோ கொனானின் கருத்து போன்றவை ஜப்பானியத்தில் தோன்றி, சீன வரலாற்றாய்வு முழுமையையும் வடிவமைத்தவை. அம்மொழி தெரியாதவர் அக்கருத்துகளைச் சுருக்கங்களில் மட்டும் சந்திப்பார்.

சிங் பேரரசைப் பற்றிய விவாதம் இன்னும் தெளிவான சான்று. 1996-இல் ஈவ்லின் ராவ்ஸ்கி, சிங் ஆட்சியாளரின் வெற்றிக்கு அவர்கள் சீனமயமானதே காரணம் என்ற பழைய கருத்தை மறுத்தார். 1998-இல் ஹோ பிங்-தி கடுமையாக மறுமொழி எழுதினார. அவ்விவாதத்தின் பின்புலத்தில் மஞ்சு மொழி ஆவணங்கள் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்ட நிகழ்வு உள்ளது. புதிய மொழி புதிய வினாவை ஈன்றது. கோட்பாடு பின்னால் வந்து சேர்ந்தது.

தாகேயுச்சி யோஷிமி 1960-இல் நிகழ்த்திய 'முறையியலாக ஆசியா' என்ற உரை, மிசோகுச்சி யூசோ 1989-இல் எழுதிய 'முறையியலாகச் சீனம்', தைவான் அறிஞர் சென் குவான்-சிங் 2010-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'முறையியலாக ஆசியா' ஆகியவை அண்மைக்கால முன்மொழிவுகளில் விரும்பி மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆசியச் சமூகங்கள் மேற்கை அளவுகோலாகக் கொள்ளாமல் ஒன்றையொன்று நோக்கித் தம்மை அறியவேண்டும் என்பது இவ்வரிசையின் சாரம். இந்திய மாணவருக்கு இது உற்சாகமூட்டும் அழைப்பு. ஆனால் அவ்வழைப்பை ஆங்கிலத்தில் மட்டும் ஏற்று, சீனச் சான்றுகளையும் ஆங்கிலத்தில் மட்டும் படித்து எழுதப்படும் முன்மொழிவு, மேற்கைச் சுற்றிவந்து மீண்டும் மேற்கின் நூலகத்திலேயே அமர்கிறது. தாகேயுச்சி சீன எழுத்தாளர் லூ சுனைப் பல்லாண்டு படித்து மொழிபெயர்த்தவர் என்பதை அவரை மேற்கோள் காட்டுவோர் மறக்கலாகாது.

பரிந்துரையும் சான்றும்

பரிந்துரைக் கடிதம் குறித்துச் சுருக்கமாக ஒன்று கூறலாம். தமிழ்த்துறையிலோ வரலாற்றுத்துறையிலோ பயின்றவருக்கு அங்குள்ள ஆசிரியர்கள் சிந்தனைத் திறனுக்குச் சான்று தர இயலும். செவ்வியல் சீனத்தை அவர் எவ்வளவு படிப்பார் என்று அவர்களால் கூற இயலாது. மூன்று கடிதங்களில் ஒன்றேனும் விண்ணப்பதாரரோடு ஒரு சீன அல்லது ஜப்பானியப் பனுவலை வரிவரியாகப் படித்தவரிடமிருந்து வரவேண்டும். கோடைக்கால மொழிப்பள்ளி ஆசிரியர், இணையவழி வாசிப்புக் குழுவை நடத்தும் ஆய்வாளர் ஆகியோரும் இதற்குரியவரே. அத்தகையவர் எவரும் இல்லையெனில் விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிவைப்பது நன்று. அந்த ஆண்டை வீணென்று கருதும் குடும்பங்களின் நெருக்கடி மாணவருக்கு உண்டு. உதவித்தொகைகளின் வயது வரம்பும் பின்னாலிருந்து துரத்தும். ஆயினும் மொழியின்றிச் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் தலைப்பை ஆங்கிலச் சான்றுகளுக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளும் நிலை அதனினும் கொடிது.

எதிர்த்திசையில் நடந்த ஒரு பயணம் இங்கு நினைவுகூரத்தக்கது. ஜப்பானைச் சேர்ந்த நொபொரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கக் கற்றார். சோழர் கால நிலவுடைமை குறித்த அவரது வினாக்கள் கல்வெட்டுச் சொற்களை ஒவ்வொன்றாக எண்ணுவதிலிருந்து பிறந்தவை. எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி ஆகியோரோடு அவர் உருவாக்கிய சோழர் கல்வெட்டுப் பெயர்களின் அகரவரிசை 1978-இல் வெளிவந்தது. தமிழ் வரலாற்றாய்வு இன்றும் அதன்மீது நிற்கிறது. கிழக்காசியாவை நோக்கிச் செல்லும் தமிழ் மாணவரிடம் அதற்கு இணையான உழைப்பை எதிர்பார்ப்பது மிகையாகாது.

அத்தகைய உழைப்புக்கு உரிய பனுவல்களும் காத்திருக்கின்றன. இலங்கையின் காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு 1409-ஆம் ஆண்டினைக் குறிப்பது. தளபதி ஜெங் ஹேயின் கடற்பயணத்தோடு தொடர்புடைய அக்கல்லில் சீனப்பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப்பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. சிதைந்துள்ள பாரசீகப் பகுதி இஸ்லாம் சார்ந்தது. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒத்திருக்க, வணங்கப்படுவோர் வேறாகின்றனர். தமிழ்ப்பகுதியைத் தமிழ்நாட்டு மாணவர் சிறு பயிற்சியோடு படித்துவிடுவார். சீனப்பகுதி மிங் அரசவையின் ஆவணநடையில் அமைந்தது. அந்நடைக்குரிய பயிற்சியை எங்கு, யாரிடம், எத்தனை பருவங்களில் பெற்றார் அல்லது பெறவுள்ளார் என்பதை அவரது முன்மொழிவின் முதற்பக்கத்திலேயே எழுதிவிடலாம்.